தூங்கும் பங்காளிக்கும் கடிதம் வரும்

போன மாதம் டோர்ட்முண்டிலிருந்து சித்தியின் மகன் போன் எடுத்தான். வயது 26. முதல் வேலை, முதல் நல்ல சம்பளம். வங்கிக் கணக்கில் ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை நிற்பதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கிறான். அது சொந்தக்காரருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. அவர்களுக்குத் தெரிந்த மாமா ஒருவர் சாப்பாட்டுக்கடை ஒன்று தொடங்கப்போகிறார். இவனை 20,000 யூரோ போடச் சொல்கிறார்.

"தம்பி, நீ கடைப்பக்கமே வரத் தேவையில்லை. பேரை மட்டும் போடு. முதல் இரண்டு வருசம் எப்பிடியும் நட்டம்தான் காட்டுவம். அந்த நட்டம் முழுக்க உன்ர டாக்ஸில திரும்பி வரும்."

இதைச் சொல்லிவிட்டு அவன் கேட்டான்: "அண்ணா, உண்மையா வருமா?"

நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை 2011 இல், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக் குசினியில் வைத்து இன்னொருவர் அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அப்பா அப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தார். ஜேர்மனியிலேயே தலைக்கு வருமானம் மிகக் குறைந்த நகரங்களில் ஒன்று இது. சுரங்கங்கள் மூடியபிறகு இங்கே நல்ல வேலை வைத்திருந்தவர்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மனிதர் வங்கியில் 20,000 யூரோ கடன் எடுத்தார். சீட்டுக் காசு 10,000 யூரோவை அதோடு சேர்த்து, பக்கத்து நகரமொன்றில் திறந்த உணவகத்தில் 30,000 யூரோவுக்குப் பங்காளி ஆனார். காரணம் பேராசை இல்லை. "பிள்ளைகளுக்கு ஒரு கடையாவது இருக்கட்டும்" என்றார். எங்கள் சனத்தில் பாதிப்பேர் வியாபாரத்துக்குள் போவது இந்த ஒரு வசனத்தால்தான்.

அந்தக் கடை ஒரு கே-எம்-பே-ஹா உண்ட் கோ. கா-கே. அப்பா அதில் கொமாண்டிட்டிஸ்ட். நான் அதைத் தமிழில் "பங்காளி" என்று மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பிழையான சொல் என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழில் பங்காளி என்றால் காணி பிரிக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சண்டை பிடிக்கிறவரும்தான். எந்த அர்த்தம் எங்களுக்குப் பொருந்தப் போகிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கா-கே, அதாவது கொமாண்டிட்கெசெல்ஷாஃப்ட், இரண்டு வகைப் பங்காளிகளைக் கொண்டது. ஒருவர் கொம்ப்ளெமென்டார். கடையின் கடனுக்குத் தன் சொத்து முழுவதோடும் பொறுப்பு. மற்றவர் கொமாண்டிட்டிஸ்ட். வர்த்தகப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதிய தொகைவரைக்கும் மட்டும் பொறுப்பு. அந்தத் தொகையைக் கடைக்குள் போட்டுவிட்டால், கடன்காரர் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. முழுப்பொறுப்பு இடத்தில் மனிதருக்குப் பதிலாக ஒரு கே-எம்-பே-ஹாவை நிறுத்திவிட்டால், உயிருள்ள எவருக்கும் முழுப்பொறுப்பு இல்லை. சட்டப்படி சரியான, ஜேர்மனி முழுவதும் வழக்கத்தில் உள்ள அமைப்பு.

வரி விஷயத்தில் இந்தக் கா-கே கண்ணாடி மாதிரி. கடைக்கு கெவெர்பெஸ்டொயர் என்ற வணிக வரி உண்டு. வருமான வரி மட்டும் கடைக்கு இல்லை. இலாபமோ நட்டமோ கண்ணாடி வழியாகப் போய் ஒவ்வொரு பங்காளியின் சொந்த வரிப்படிவத்திலும் விழும், அன்லாகெ கே என்ற தாளில். கடையில் ஒரு நாள்கூட நிற்காத ஆளுக்கும் விழும். இந்தியாவில் கதை வேறு. அங்கே பங்குடைமை நிறுவனமே வரி கட்டும், பங்காளியின் கைக்கு வரும் இலாபப் பங்குக்கு வரி இல்லை, நட்டமும் நிறுவனத்தோடேயே தங்கிவிடும். ஊரிலும் இந்தியாவிலும் வியாபாரம் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் "கடை நட்டம் கடையோடை" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கே அப்படி இல்லை.

அப்படியானால் மாமா சொன்னது உண்மைதானே, நட்டம் என் படிவத்தில் விழுந்தால் என் சம்பளத்தில் கழியும்தானே என்று கேட்பீர்கள். பாதி உண்மை. அந்தப் பாதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

எளிய கணக்கு ஒன்று. நீங்கள் 30,000 யூரோ போட்டுக் கொமாண்டிட்டிஸ்ட் ஆகிறீர்கள். முதலாம் ஆண்டு உங்கள் பங்குக்கு 18,000 நட்டம். அது முழுவதும் உங்கள் சம்பள வருமானத்தில் கழியும். உங்கள் மூலதனக் கணக்கில் இப்போது 12,000 மிச்சம். இரண்டாம் ஆண்டு 15,000 நட்டம். இதில் 12,000 மட்டும்தான் சம்பளத்தில் கழியும். மிச்சம் 3,000 கணக்கைச் சுழியத்துக்குக் கீழே கொண்டுபோகிறது. வருமான வரிச் சட்டத்தின் 15ஏ பிரிவு அந்த 3,000 ஐப் பூட்டி வைத்துவிடும். அதை உங்கள் சம்பளத்திலோ வேறு வருமானத்திலோ கழிக்க முடியாது. அதே கடை பின்னொரு நாள் இலாபம் தந்தால், அந்த இலாபத்திலிருந்து மட்டும் கழிக்கலாம். பூட்டிய தொகை எவ்வளவு என்று வருடாவருடம் ஃபினான்ஸ்அம்ட் தனி முடிவாக எழுதித் தரும்.

ஏன் அந்த 3,000 ஐப் பூட்டுகிறார்கள்? அது உங்கள் நட்டமே இல்லை. நீங்கள் 30,000 க்குத்தான் பொறுப்பு. அதற்கு மேல் போகிறது என்றால் அது கடைக்குக் கடன் கொடுத்தவரின் நட்டம், அல்லது முழுப்பொறுப்புப் பங்காளியின் நட்டம்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் கேட்டால் வேறொரு கேள்வி வரும். 1986 இல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து அங்கே கூடவே பார்ப்பது "நீ அந்த வியாபாரத்தில் உண்மையாக வேலை செய்தாயா?" என்பதை. வேலை செய்யாத பங்காளியின் நட்டத்துக்குச் செயலற்ற நட்டம் என்று பெயர். அதைச் சம்பளத்தில் கழிக்க விடமாட்டார்கள். வேறு செயலற்ற வருமானம் வரும்வரை, அல்லது பங்கை முழுவதுமாக வெளியாளுக்கு விற்கும்வரை, அது காத்திருக்கும். ஜேர்மனியின் 15ஏ நீங்கள் கடையில் தோசை சுட்டீர்களா என்று கேட்பதில்லை. "நீ எவ்வளவுக்குப் பொறுப்பு?" என்ற ஒன்றைத்தான் கேட்கிறது.

எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. காசு போடுமுன் நாங்களே எங்களைக் கேட்கவேண்டிய கேள்வியும் இதுதான். உங்கள் படிவத்தில் எவ்வளவு நட்டம் எழுத விடுகிறார்கள் என்று பார்த்தால், நீங்கள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறீர்கள் என்று தெரியும். தாராளமாக எழுத விட்டால் சந்தோசப்படாதீர்கள். அவ்வளவுக்கு மாட்டியிருக்கிறீர்கள்.

இதன் கடைசி எல்லை, ஒரு தாளும் எழுதாமல் செய்யும் கூட்டு வியாபாரம். "நீயும் நானும் பாதிப் பாதி" என்று கைகொடுத்தாலே இந்த நாட்டில் ஒரு கே-பே-எர் பிறந்துவிடும். கடை பெரிதானால் அது தானாகவே ஓ-ஹா-கே ஆகும். இரண்டிலும் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. பாதிக்கு இல்லை, முழுவதுக்கும். அங்கே நட்டத்தைப் பொதுவாக 15ஏ தடுக்காது. தடுக்காததன் காரணம் மேலே சொன்னதுதான். நம்பிக்கை பெரிது, எழுத்து எதற்கு என்கிறவர்கள் சட்டம் தரும் ஆக ஆபத்தான வடிவத்தைத் தெரியாமலே தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்பாவிடம் வருகிறேன். அவருக்குத் தாள் இருந்தது. பொறுப்புக்கு எல்லை இருந்தது. அவருடைய பிரச்சினை நான்.

நீங்களும் இப்படி வளர்ந்திருப்பீர்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பத்து வயதிலிருந்து வாசித்துச் சொல்லும் பிள்ளை. வாடகைக் கடிதம், விசாக் கடிதம், காப்புறுதிக் கடிதம். கடித உறையின் நிறத்தைப் பார்த்தே எது அவசரம் என்று சொல்லப் பழகியிருந்தேன். 2012 தொடக்கத்தில், நான் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த நேரம், கடையின் வரி ஆலோசகரிடமிருந்து சாதாரண வெள்ளை உறையில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. "சென்ற ஆண்டுக்கான உங்கள் சொண்டர்பெட்றீப்ஸ்அவுஸ்காபென் இருந்தால் அறியத்தரவும்" என்றிருந்தது. சொல்லே அரை வரி நீளம். எனக்கு அடுத்த நாள் பரீட்சை. "இது சும்மா பொதுக் கடிதம் அப்பா, எல்லாருக்கும் அனுப்பியிருக்கினம்" என்று சொன்னேன். அப்பா தலையாட்டிவிட்டுக் கடிதத்தை பிஸ்கட் தகரத்துக்குள் வைத்தார்.

அந்த நீளச் சொல்லின் அர்த்தம் எளிது. கடைக்காகப் பங்காளி தன் சொந்தக் கையிலிருந்து செய்த செலவு. பங்கு வாங்க எடுத்த கடனுக்குக் கட்டும் வட்டி அதற்கு நல்ல உதாரணம். அப்பா வருடத்துக்கு 1,500 யூரோவுக்குச் சற்று மேல் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். அது கழிக்கக்கூடிய செலவு. அதுவும் 15ஏ பூட்டுக்குள் போகாமல், சம்பளத்தில் நேரடியாகக் கழியக்கூடியது. ஆனால் ஒரு நிபந்தனை. அதைச் சொந்தப் படிவத்தில் எழுதக்கூடாது. கடையின் அறிக்கையில்தான் எழுதவேண்டும்.

இந்த இடத்தை மட்டும் மெதுவாக வாசியுங்கள். கா-கே வருடாவருடம் தன் ஊர் ஃபினான்ஸ்அம்ட்டுக்கு ஓர் அறிக்கை கொடுக்கும். எல்லாப் பங்காளிகளின் பங்கும், ஒவ்வொருவரின் தனிச் செலவும் அதில் இருக்கும். அந்த ஃபினான்ஸ்அம்ட் அதைப் பார்த்து ஒரு முடிவு எழுதும். அந்த முடிவு உங்கள் வீட்டு ஃபினான்ஸ்அம்ட்டைக் கட்டுப்படுத்தும். அவர்கள் அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போடவேண்டும், ஒரு சதமும் மாற்ற முடியாது. எண் பிழை என்றால் நீங்கள் ஆட்சேபிக்கவேண்டியது முதல் முடிவை. அதற்கு ஒரு மாதம்தான் தவணை. உங்கள் வருமான வரி முடிவு வந்தபிறகு அதை எதிர்த்து எழுதிப் பயனில்லை.

சரி, அந்த முதல் முடிவு வந்தவுடன் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அது வழக்கமாக உங்கள் வீட்டுக்கு வராது. எல்லோருக்குமாக ஒருவருக்கே போகும். எங்கள் விஷயத்தில் அது கடையை நடத்திய மாமா. அவர் கையில் கிடைத்ததுமே அப்பாவுக்கும் கிடைத்ததாகக் கணக்கு. அவருடைய அலுமாரியில் அது கிடந்தபோது அப்பாவின் ஒரு மாதம் ஓடி முடிந்துவிட்டது.

அடுத்த வருடம் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் ஆகி, வட்டியை அப்பாவின் சொந்தப் படிவத்தில் எழுதி அனுப்பினேன். மறுத்துவிட்டார்கள். அது கடையின் அறிக்கையில் வரவேண்டியது, அந்த முடிவு இறுதியாகிவிட்டது என்று இரண்டு வரியில் பதில். அதிகாரி அநியாயம் செய்கிறார் என்று வீட்டில் கத்தினேன். அவர் செய்தது முழுக்கச் சரி. மூன்று வருட வட்டி, கிட்டத்தட்ட 4,500 யூரோச் செலவு, எந்தக் கணக்கிலும் ஏறாமல் போயிற்று.

இதற்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. கடை திறந்த சில மாதங்களில் மாமா மாதாமாதம் 300 யூரோ அனுப்பத் தொடங்கினார். "இலாபக் காசு" என்றார். அம்மா அதில் ஒரு பங்கை எடுத்துக் கோயிலுக்கு வைத்தார். அதே காலத்துக்கு வரிக் கணக்கில் கடை நட்டம். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று அந்த வீட்டில் கணிதம் படித்த ஒரே ஆள் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. காசு வந்துகொண்டிருந்ததே.

2014 இல் கடை வங்குரோத்து. கொஞ்ச நாளில் நிர்வகிக்க நியமிக்கப்பட்ட வழக்கறிஞரிடமிருந்து கடிதம். அப்பா 20 மாதம் வாங்கிய 6,000 யூரோவையும் திருப்பிக் கட்டவேண்டும். வணிகச் சட்டத்தின் 172 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கடை நட்டத்தில் இருந்து உங்கள் மூலதனக் கணக்கு போட்ட தொகைக்குக் கீழே இறங்கியிருக்கும்போது, நீங்கள் வெளியே எடுக்கும் காசு இலாபம் இல்லை. உங்கள் சொந்த முதலையே திருப்பி எடுக்கிறீர்கள். எடுத்த அளவுக்கு, கடன்காரருக்கான உங்கள் பொறுப்பு மீண்டும் உயிர்த்துவிடும். 30,000 போனது போனதுதான், அதற்கு மேல் 6,000. அப்பா அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டியபோது, "இதுவும் பொதுக் கடிதமோ?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

எங்கள் சனம்தான் இப்படி ஏமாறும் என்று நினைக்கவேண்டாம். இதே பொறியில் இந்த நாட்டின் பல் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் கூட்டம் கூட்டமாக விழுந்திருக்கிறார்கள். 1970களில், போட்ட காசைவிடப் பல மடங்கு நட்டத்தைத் தாளில் தரும் கா-கேக்களை உருவாக்கி, பணக்காரருக்கு விற்றார்கள். அதை நிறுத்தத்தான் 1980 இல் 15ஏ வந்தது. பிறகு திரைப்பட நிதியங்கள். ஜேர்மன் வரிசெலுத்துவோரின் காசில் ஹொலிவூட் படங்கள் எடுக்கப்பட்டன. அங்கே அதற்குச் செல்லப்பெயரே "முட்டாள் ஜேர்மன் காசு". அதை நிறுத்த 15பே வந்தது. 2005 நவம்பர் 10 ஆம் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு, ஆரம்ப வருடங்களில் போட்ட முதலில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் நட்டம் வரும் என்று முன்கூட்டியே திட்டமிட்டு விற்கும் ஏற்பாடுகளில், அந்த நட்டத்தை வேறு வருமானத்தில் தொட முடியாது.

கப்பல் நிதியங்களின் கதை இன்னும் விசித்திரம். 1999 இலிருந்து சரக்குக் கப்பல் வைத்திருக்கும் கா-கே உண்மையான இலாப நட்டத்துக்குப் பதிலாகக் கப்பலின் கொள்ளளவை வைத்து வரி கட்டலாம். முதல் 1,000 தொன்னுக்கு, ஒவ்வொரு 100 நிகரத் தொன்னுக்கும் நாளொன்றுக்கு 92 சென்ட் இலாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். கப்பல் பெரிதாகப் பெரிதாக அந்த வீதம் குறையும். நல்ல காலத்தில் சீனி மாதிரி இனித்தது. 2008 நெருக்கடிக்குப் பிறகு கப்பல் வாடகை விழுந்து, நூற்றுக்கணக்கான கப்பல் கா-கேக்கள் வங்குரோத்தாயின. முதல் போட்டவரின் காசு கடலோடு போனது. ஆனால் தொன் கணக்கில் வரி கட்டியவரின் படிவத்தில் நட்டம் என்று ஒன்றும் விழவில்லை. அங்கே சின்னதாக ஓர் இலாபம்தான் நின்றது. அதற்கு மேல், முன்னர் வாங்கிய பங்குப் பணத்தைத் திருப்பித் தா என்று அதே 172 ஆம் பிரிவைக் காட்டிக் கடிதம். அப்பாவுக்கு வந்ததும் டொக்டர்களுக்கு வந்ததும் ஒரே சட்டக் கடிதம். அவர்களிடம் அதை வாசிக்க ஆள் இருந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"டாக்ஸில திரும்பி வரும்" என்பதற்கு என்னுடைய பதிலைச் சொல்கிறேன். நான் இருக்கும் வருமானப் படியில் நூற்றுக்கு 42 வீதம் வரி. ஒரு யூரோ நட்டம் எழுதினால் 42 சென்ட் திரும்பும். 58 சென்ட் போய்விடும். உங்களில் பலருக்கு வீதம் இன்னும் குறைவு. அப்படியென்றால் திரும்புவதும் குறைவு, போவதுதான் அதிகம். வரியில் திரும்பி வருவதற்காகக் காசு போடுவது, காப்புறுதி தரும் என்பதற்காக வீட்டைக் கொளுத்துகிற மாதிரி. கடை நல்ல கடை, நடத்துகிறவர் தொழில் தெரிந்தவர், அந்தத் தெருவில் சனம் சாப்பிட வரும் என்றால் போடுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் ஆட்களின் கடைகள் இப்படிக் கைமாறிய காசால்தான் எழுந்தன, இந்த நகரத்திலும்.

ஆனால் போட்டபிறகு நட்டத்தை எழுதாமல் விடாதீர்கள். இதில்தான் எனக்கு எங்கள் பெரியவர்களோடு கோபம். நட்டம் என்றால் வெட்கம். மூடி வைக்கவேண்டும், நாலு பேருக்குத் தெரியக்கூடாது. ஃபினான்ஸ்அம்ட்டுக்குத் தெரிந்தால் "காசு எங்கால?" என்று கேட்பார்கள் என்ற பயம் வேறு. அப்பாவோடு அதே கடையில் காசு போட்ட ஒருவர், தான் பங்காளி என்பதைத் தன் மனைவிக்கே சொல்லவில்லை. அவர் வருடாவருடம் படிவம் கொடுப்பவரும் இல்லை, கட்டாயமும் இருக்கவில்லை. வேலைத்தலத்தில் வெட்டும் வரியோடு முடிந்தது என்றிருந்தார். அப்படிப்பட்டவர் தானாகக் கேட்டுப் படிவம் கொடுக்கச் சாதாரணமாக நான்கு வருடம் அவகாசம் உண்டு. அந்த நான்கு வருடமும் அவருக்கு வெட்கத்திலேயே கழிந்தது.

சட்டத்துக்கு வெட்கம் கிடையாது. எண் இருந்தால் எடுத்துக்கொள்ளும். ஒரு வருட வருமானத்தைவிடச் சம்பளத்தில் கழியக்கூடிய நட்டம் பெரிதானால், மிச்சத்தை முந்திய இரண்டு வருடத்துக்குக் கொண்டுபோகலாம், அல்லது வரும் வருடங்களுக்கு. 10டே பிரிவு அதற்குத்தான். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த எல்லைகள் எட்டாத உயரம், பத்து லட்சம் யூரோவுக்குக் கீழே கவலையே இல்லை. ஆனால் அதற்கும் முதலில் எண் எழுதியிருக்கவேண்டும்.

தாள் கேட்பதைப் பற்றியும் ஒன்று. "என்னை நம்பேல்லையோ?" என்ற கேள்வி வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு முன்னால் எங்களில் ஒருவரும் நிமிர்ந்து நின்றதில்லை. ஆனால் கொமாண்டிட்டிஸ்ட் வருடக் கணக்கின் பிரதியைக் கேட்கலாம், அது சரியா என்று புத்தகங்களைப் பார்க்கலாம் என்று வணிகச் சட்டத்தின் 166 ஆம் பிரிவே எழுதி வைத்திருக்கிறது. நான் உங்களிடத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுவேன்: ஃபினான்ஸ்அம்ட் முடிவு வந்த அன்றே அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பவேண்டும், வரி ஆலோசகரின் நம்பர் எனக்கு வேண்டும், மாதாமாதம் காசு அனுப்பினால் அது இலாபமா முதலா என்று எழுதி அனுப்பவேண்டும். இதற்குக் கோபப்படுகிற மாமாவிடம் 20,000 யூரோ கொடுப்பதைவிட, அவர் மகளின் கலியாணத்துக்கு 200 யூரோ மொய் எழுதிவிட்டு உறவைக் காப்பாற்றலாம்.

இன்னொரு வடிவமும் உங்களிடம் நீட்டப்படலாம். "ஸ்டில்லெ கெசெல்ஷாஃப்ட்", மௌனப் பங்கு. பெயர் எந்தப் பதிவேட்டிலும் வராது என்று ஆசைகாட்டுவார்கள். அதன் சாதாரண வடிவத்தில் வருமானம் முதலீட்டு வருமானமாகும், அன்லாகெ காப் என்ற தாளுக்குப் போகும். அதில் வரும் நட்டம் உங்கள் சம்பளத்தைத் தொடாது. சம்பளத்தில் கழியும் என்று சொல்லி மௌனப் பங்கைத் தருகிறவர், ஒன்றில் சட்டம் தெரியாதவர், இல்லை உங்களைத் தெரிந்தவர்.

அடுத்த நாள் தம்பிக்குப் போன் எடுத்து இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்று கேள்வி மட்டும் கொடுத்தேன். கா-கேயா, கே-பே-எரா, மௌனப் பங்கா? பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே எவ்வளவு? ஃபினான்ஸ்அம்ட் முடிவு ஆர் வீட்டுக்குப் போகும்? போய்க் கேட்டிருக்கிறான். மாமா முதலில் கோபப்பட்டாராம், பிறகு தனக்கும் தெரியாது என்றாராம். இப்போது இருவரும் சேர்ந்து ஒரு வரி ஆலோசகரிடம் நேரம் எடுத்திருக்கிறார்கள். காசு இன்னும் தம்பியின் கணக்கில்தான் இருக்கிறது.

அப்பா அந்த 6,000 ஐ மாதம் 150 யூரோவாக 40 மாதம் கட்டினார். பிஸ்கட் தகரம் இப்போது என் வீட்டில். அந்த வெள்ளை உறையும் அதற்குள் இருக்கிறது. இப்போது வரும் கடிதங்களை அப்பா தானே வாசிக்கிறார், அகராதி போட்ட போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. விளங்காவிட்டால் என்னைக் கூப்பிடுவார். ஆனால் நான் "ஒன்றுமில்லை" என்று சொன்னால், கண்ணாடியை இறக்கி, இன்னொருமுறை முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்கிறார்.